மாமன் சீராக வந்த கம்ப்யூட்டருக்கு மெமரி போதவில்லை

இராஜபாளையம்,
13.6.1999, ஞாயிறு.

சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் விற்கிற என் உடன்பிறந்த தம்பி பொன்னுராஜுக்கு, அக்கா பரிபூரணம் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் மச்சானும், என் மாமியாரும், கொழுந்தன் ரத்தினமும், காது குத்திய புண் ஆறிப்போன உன் மருமகனும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. உன் சுகத்தைப் பற்றி நீ பதில் எழுத வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதே.

பிரவுசர் அளவுக்கு மீறி மெமரியைத் தின்கிறது, பாதியில் ஹேங் ஆகிவிடுகிறது என்று நான் எழுதியதற்கு, கவலையே வேண்டாம் அக்கா, ஐந்தே யோசனை என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. படித்தேன். உன் மச்சானும் படித்தார். படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். நீ எழுதியிருக்கிற தோரணையைப் பார்த்தால், இந்த வீட்டில் நானும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும் மட்டும் குடியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. இது கூட்டுக் குடும்பமடா. இங்கே ஒரு குடத்தை இடம் மாற்றி வைக்க வேண்டுமானாலும் மூன்று பேரிடம் கேட்க வேண்டும்.

முதலில் உன் சீரின் பெருமையை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். மடவார் வளாகம் கோயில் மண்டபத்தில் உன் மருமகனுக்குக் காது குத்தினோம். மற்ற வீட்டு மாமன்மார்கள் என்ன கொண்டுவருவார்கள்? பையனுக்கு அரைஞாண் கொடி, அக்காவுக்குப் பட்டு, வீட்டுக்கு ஒரு வெண்கலப் பானை. நீ கொண்டுவந்தது கம்ப்யூட்டர். மூன்று வயதுப் பையனுக்கு! சபையில் அதை இறக்கி வைத்ததும் உன் மச்சானின் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, டி.வி.தானே, ஏன் இத்தனை வயர் என்று கேட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் தம்பி சீரென்றால் சும்மாவா, ஜில்லாவிலேயே இப்படி ஒரு சீர் கிடையாது என்று வாய் கிழியப் பேசினேன். அந்த வாய்க்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். பொட்டு வைத்துச் சபையில் வாங்கிய பொருள் என்பதால் அதில் என்ன கோளாறு வந்தாலும் அது கம்ப்யூட்டர் கோளாறு இல்லை, என் பிறந்த வீட்டுக் கோளாறு. கரண்ட் போனால்கூட எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். பதினாறு எம்.பி. மெமரி போதுமா என்று நான் அன்றைக்கே கேட்டேன். "போதும்க்கா, நீ என்ன ராக்கெட்டா விடப் போற" என்று சொன்னாயே, ராக்கெட் விடுகிறவர்கள் வீட்டில்கூட இவ்வளவு ஜன்னல் திறந்திருக்காது.

எங்கள் வீட்டு முறையைக் கேள். இன்டர்நெட் வேண்டுமானால் மதுரைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். லைன் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உன் மச்சானுக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் அவர் ஒரு சட்டம் போட்டார். லைன் கிடைத்ததும் வீட்டில் உள்ள எல்லாரும் அவரவருக்கு வேண்டிய பக்கத்தைத் திறந்துவிட வேண்டும், உடனே போனை வெட்டிவிட வேண்டும், அதன் பிறகு ஆற அமர உட்கார்ந்து படித்துக்கொள்ள வேண்டும். உன் மச்சானுக்குப் பருத்தி விலை, நூல் விலை. ரத்தினத்துக்கு கிரிக்கெட். மாமியாருக்கு அமெரிக்காவில் யாரோ ஒரு பக்தர் செய்து வைத்திருக்கிற பெருமாள் பக்கம். அதில் விளக்குச் சுடர் ஆடும், பூ விழும், மணி அடிக்கும், பாட்டும் பாடும். எனக்கு டென்மார்க் மெயில், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்படி பத்துப் பன்னிரண்டு பக்கம் திறந்து கிடக்க, கம்ப்யூட்டர் உள்ளே மாவு மில் மாதிரி கரகர என்று அரைக்கும். மௌசை இந்தப் பக்கம் நகர்த்தினால் அம்பு செத்த நேரம் யோசித்துவிட்டு அந்தப் பக்கம் போகும்.

உன் முதல் யோசனை, படித்து முடித்த பக்கத்தை மூடிவிடு என்பது. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! இந்த வீட்டுப் பந்தியில் என் மாமியார் இலையை மூடாமல் வேறு யாரும் இலையை மூடக் கூடாது என்பது நீ சாப்பிட்டுப் பார்த்தே தெரிந்துகொண்ட விஷயம். என் கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது நீ முதலில் எழுந்துவிட்டு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாய் என்று இன்னும் பேசுகிறார்கள். அதே முறைதான் கம்ப்யூட்டருக்கும். பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னவர்கள் மூடக் கூடாது. சரி, மாமியார் எப்போது மூடுவார்? அவர் மூடவே மாட்டார். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதே! "எரியுற விளக்க யாராச்சும் அமத்துவாளாட்டி?" என்று கேட்கிறார். ரத்தினம் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். இந்தியா ஜெயித்த மேட்சின் ஸ்கோரை மூட அவனுக்கு மனசு வரவில்லை, அதையும் முந்தாநாள் ஸ்கோரையும் சுருக்கித் திரையின் அடிக்கோட்டில் ஒட்டி வைத்துவிட்டு, "மதினி, சின்னதாக்கிட்டேன், இனிமே கொஞ்சமாத்தான் திங்கும்" என்கிறான். அது கீழே உட்கார்ந்துகொண்டு முன்னைப் போலவேதான் தின்றது. பி.காம். படித்த பையன்.

படங்களை நிறுத்திவிடு, எழுத்து மட்டும் வரட்டும், மெமரி மிச்சமாகும் என்று அடுத்த யோசனை. செய்தேன். மறுநாள் மாமியார் குளித்து, நெற்றியில் இட்டுக்கொண்டு, கற்பூரத்தட்டோடு வந்து உட்கார்ந்தார். பெருமாள் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம், அதன் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. பரீட்சைத் தாளில் தப்பு விடைக்கு வாத்தியார் போடுகிற குறி. மாமியார் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, எம் பெருமாள அடிச்சு விட்டுட்டியே, உங்க வீட்டுல சாமியே கும்புட மாட்டியளா?" என்று போட்ட சத்தத்தில் எங்கள் பின்கட்டுத் தறி ஷெட்டிலிருந்து தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். உங்க வீட்டில் என்று அவர் சொன்னது நம் வீட்டை. அப்பாவையும் அம்மாவையும் இழுத்துப் பேச்சு வாங்கிக் கொடுத்தாய், ரொம்ப சந்தோஷம்.

சேமித்து வைத்த பழைய பக்கங்களை அழித்துவிட்டு, அதற்கு ஒதுக்கிய இடத்தையும் குறைத்துவிடு என்று ஒரு யோசனை எழுதியிருந்தாய் பார், அதை எழுதிய கையைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும். போனை வெட்டிவிட்டு நாங்கள் படிப்பதே அந்தப் பழைய பக்கங்களைத்தானே! அழித்த அன்றைக்கு உன் மச்சான் போன வாரத்து நூல் விலையைப் பார்க்க வந்தார். இல்லை. ஒன்றுமே இல்லை. மறுபடி மதுரைக்குப் போன் போட வேண்டும் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். "ஒந் தம்பி என்ன, டெலிபோன் ஆபீஸ்காரன்ட்ட கமிஷன் வாங்குதானா?" என்று அங்கேயும் வந்து கேட்டார்.

அணைத்துவிட்டு மறுபடி போடு, எல்லாம் சரியாகும் என்றும் எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் எதையும் ராகு காலத்தில் தொடங்க மாட்டார்கள் என்பது உன் கம்பெனிக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது? கம்ப்யூட்டர் என்னவோ ராகு காலம் பார்த்துத்தான் ஹேங் ஆகிறது. கடைசி யோசனையாக இன்னும் ஒரு மெமரி வாங்கிப் போடச் சொன்னாய். உன் மச்சானிடம் சொன்னேன். "மாமன் சீருல நான் கை வச்சு ஒட்டுப் போட்டா ஊருல என்ன பேசுவாவ? அவன் குறைச்சலாக் குடுத்தான், இவன் ரொப்பிக்கிட்டான்னு பேச மாட்டாவளா? உங்க வீட்டு மானத்தத்தாம்ட்டி நான் காப்பாத்துதேன்" என்றார். நம் வீட்டு மானத்தை அவர் காப்பாற்றிய இந்த ஒரு தடவையும் எனக்கு வினையாக முடிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேண்டேஜ் துணி நெய்து தர டென்மார்க்கில் ஒரு கம்பெனி நேரடியாக ஆள் தேடுகிறது, இத்தனை நாள் தரகர் கையைப் பார்த்தே ஓட்டிய தறிக்கு ஒரு விடிவு வரும் என்று நான்தான் மெயில் மேல் மெயிலாகத் தட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியது வீணாகவில்லை. அவர்கள் தங்கள் பக்கத்தில் உள்ள பாரத்தை வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்பச் சொன்னார்கள். உன் மச்சான் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார். "இதுவும் தொங்கிட்டுன்னா மெஷின் சனிக்கிழமை லாரியேறும். சீருமாச்சு, மாமனுமாச்சு." சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னார். சபையில் வாங்கிய சீரைத் திருப்பி அனுப்புவது என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு நல்லது கெட்டதுக்கு நீ இந்த வாசல் ஏற முடியாது, நான் அந்த வாசல் ஏற முடியாது. ஒரு பிரவுசருக்குப் பசி அடங்கவில்லை என்பதற்காக எனக்குப் பிறந்த வீடு இல்லாமல் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் லைன் கிடைத்தது. பாரத்தைத் திறப்பதற்குள் வழக்கம்போல ஆளாளுக்கு வந்து அவரவர் பக்கத்தைத் திறந்துகொண்டார்கள். போன் ஓடிக்கொண்டிருக்கிறதே, சும்மா விடுவார்களா? பாரம் ஆறு பக்கம். நான்காவது பக்கத்தில் துணியின் அகலத்தைத் தட்டுகிறேன், எழுத்து வரவில்லை. தட்டி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் முதல் எழுத்து அப்போதுதான் விழுகிறது. உள்ளே அரைக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. அணைத்துப் போட்டால் நிரப்பியதெல்லாம் போய்விடும், போதாக்குறைக்கு ராகு காலம் வேறு. உன் மச்சான் பின்னால் நின்று, போன் ஓடுவதைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்குச் சுடர் தெரிகிற மூலையையே கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுகிற முதல் பொம்பளை இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

"அத்தை, உங்க பக்கத்த மூடுனாத்தான் மத்தவிய மூடுவாவ. மத்தவிய மூடுனாத்தான் இது போகும். இது போகலன்னா எங்க வீட்டுச் சீரு நாளைக்கு லாரியில போயிரும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பேச்சு பேசிவிட்டோம் என்று உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி என்னலே ஆவுது?" என்று கேட்டார்.

"பன்னெண்டாவப் போவுதும்மா" என்றார் உன் மச்சான்.

"உச்சிக்காலம் ஆயிட்டு. கோயில்லயும் நடை சாத்துற நேரந்தான். பெருமாளும் செத்த நேரம் படுக்கணும்லா? கற்பூரத்த எடுத்தாட்டி." கற்பூரம் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ம், சாத்து. எம் பொறந்த வீட்டு வெங்கலப் பானைய இவிய அப்பா ஒருநா கோவத்துல தெருவுல உருட்டுனாவ. அந்தச் சத்தம் இன்னும் எங் காதுல கேக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

நடையைச் சாத்தினேன். பாட்டு நின்றது, மணி நின்றது. பெரியவர் இலையை மூடியாயிற்று, அவ்வளவுதான், பந்தி கலைந்தது. உன் மச்சான் நூல் விலையை மூடினார். ரத்தினம் ஜெயித்த மேட்சை மூடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அரைப்புச் சத்தம் அடங்கியது. எழுத்தெல்லாம் தட்டத் தட்ட விழுந்தது. ஆறாவது பக்கம் முடித்து, அனுப்பு என்கிற இடத்தில் அழுத்தினேன். உன் யோசனையால் இல்லை, என் மாமியார் புண்ணியத்தால் அழுத்தினேன்.

அழுத்தியதும் திரை வெள்ளையாகிவிட்டது. நன்றி இல்லை, வந்து சேர்ந்தது என்று ஒரு வார்த்தை இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றோம். லைனும் அறுந்துவிட்டது. "போச்சு" என்றார் உன் மச்சான். மாமியாரும் அன்று சாயங்காலமே சுந்தரபாண்டியத்தில் ஒரு சாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார், எனக்காகப் பேச ஆளில்லை. சனிக்கிழமை காலையில் கணக்குப்பிள்ளை தவசிமுத்துவை விட்டுக் கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி, லாரி ஆபீஸில் உன் பேருக்குப் புக் பண்ணியாயிற்று. பொட்டைக்கூடத் துடைக்கவில்லை. நீயே துடைத்துக்கொள்.

ஆகவே இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம். ஊருக்கெல்லாம் மெமரி விற்கிறவன் கூடப் பிறந்தவளுக்குப் பதினாறை வைத்துக் கழித்துவிட்டாய். கஞ்சப்பயல் என்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதியே விட்டேன். லாரி வந்து சேர்ந்ததும் எனக்குத் தெரிவிக்க வேண்டாம். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுப் படி அனுப்ப வேண்டாம். நீயும் உன் பெண்டாட்டியும் பிள்ளையும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், இதைவிடப் பெரிய கம்ப்யூட்டரோடு நன்றாக இருங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, ஏ.சி.யில் உட்கார்ந்தால் சூடு பிடிக்கும்.

இப்படிக்கு,
இனி உனக்கு அக்கா இல்லாத
ச. பரிபூரணம்.

பின்குறிப்பு: திங்கள், மத்தியானம். இந்தக் கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், பிரித்துவிட்டேன். பாரத்தில் நான் கொடுத்திருந்த பக்கத்து மில் ஆபீஸ் நம்பருக்கு ஒரு பேக்ஸ் வந்தது. பாரம் வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்திருக்கிறது. சாம்பிள் துணி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், பிடித்தால் வருஷம் முழுக்க எடுப்பார்களாம். உன் மச்சான் அதை ரத்தினத்தை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு தவசிமுத்துவோடு லாரி ஆபீஸுக்குப் போனார். சனிக்கிழமை லாரியில் இடமில்லை, ஞாயிற்றுக்கிழமை லோடு ஏறாது என்பதால் கம்ப்யூட்டர் அங்கேயே கிடந்திருக்கிறது. லோடுமேன் அதைத் தரதரவென்று இழுக்கப் போக, உன் மச்சான், "மெதுவா, மெதுவா! எம் மச்சினன் சபையில வச்ச சீருப்பா அது, பாத்து எறக்கு" என்றாராம், அத்தனை பேர் முன்னால். தவசிமுத்து வந்து சொன்னார். நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மேலே எழுதியதில் ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ளாதே, கஞ்சப்பயல் என்பதைத் தவிர. கூடுதல் மெமரி நீதான் வைக்க வேண்டும், திரும்பி வந்ததும் உன் மச்சானே சொல்லிவிட்டார். ஆனால் தபாலில் மட்டும் போட்டுவிடாதே. வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு தட்டில் வைத்து நீயே எடுத்துக்கொண்டு வா. சுண்டுவிரல் நீளம்தானே என்று கூச்சப்பட்டு ஆட்டோவில் வாசலில் வந்து இறங்காதே. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெரு வழியாக நடந்தே வா, நாலு பேர் பார்க்கட்டும்.